அரைப்புள்ளி

பள்ளத்தூருக்கு மேற்கே இந்த ஊருணியில்
மூன்று வருடம் முன்புவரை கட்லா இருந்தது என்கிறார்
குத்தகைக்காரர் சேவுகன்.
இப்போது வலையில் ஏறுவதெல்லாம்
முள்ளுச் சட்டை போட்ட கறுப்பு.
காலை ஏழு மணிக்குக் கரையில் வீசியது
சாயங்காலம் காரைக்குடி பஸ் வரும்போதும்
வாயைத் திறந்து மூடும்.
"சாகவும் தெரியல, விக்கவும் முடியல."

பேர் டேங்க் கிளீனர்.
மாளிகையை ஓட்டலாக்கியவர்கள்
வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில்
பாசி தின்ன விட்டார்களாம்.
விரலளவில் வந்தது முழமானதும்
ஒரு வாளியில்,
ஆளில்லாத மதியத்தில்.
இது சேவுகன் கதை.
எங்களிடம் தங்கமீன் மட்டும்தான் என்கிறார் மேனேஜர்.

நான் எண்ணுகிறவள்.
மாதம் முப்பது மீன்.
சினைப்பையைத் தராசில் வைத்து
உடல் எடையால் வகுத்து, நூறால் பெருக்கி.
பங்குனியில் ஒன்று.
ஐப்பசியில் பதினொன்று.
ஒரே பையில் மூன்று அளவு முட்டை:
மிளகு போல, இந்த மழைக்கு;
கடுகு போல, அடுத்த மழைக்கு;
ரவை போலக் கொஞ்சம்,
மழையே பொய்த்தாலும் கைவசம் இருக்கட்டுமென்று.
வட்டிக்கடை வைத்துக் கடல் தாண்டியவர்கள் ஊரில்
இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தை பாதியில் தண்ணீர் இறங்கியது.
செம்புறாங்கல் சுவருக்கடியில்
வரிசையாகப் பொந்துகள்,
ஒவ்வொன்றும் கை நீளம்.
தோண்டியது ஆண்.
பெண் வரும், முட்டையிடும், போய்விடும்.
இங்கே குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணுவார்கள்.
கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்று,
துணை போனால் அரை.
நோட்டில் பொந்துக் கணக்கு எழுதும்போது
அந்த அரை வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினேழாவதில் கை விட்டேன்.
தண்ணீர் இல்லை, ஈரம்தான்.
முதலில் பட்டது அவன்.
துடுப்பு முள் உள்ளங்கையில் இறங்கியது.
இழுக்க இழுக்க
முள்ளை விரித்து மண்ணில் மாட்டிக்கொள்கிறான்.
"விடுங்க மேடம், பேத்துருவோம்" என்று
பஞ்சவர்ணம் கடப்பாரையோடு இறங்கினாள்.

அவனுக்குப் பின்னால்
ஆயிரத்து இருநூற்று ஆறு முட்டை, ஒரே கொத்து.
சிலதில் கண் வந்துவிட்டது,
பென்சில் முனையால் வைத்த மாதிரி
இரண்டு கறுப்பு.

ஆண். நீளம் 38.4 செ.மீ.
இரைப்பை: காலி.
காரணம் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

பரிந்துரையையும் நானே எழுதினேன்.
நீர் வற்றும் தை, மாசியில்
பொந்துகளைப் பெயர்த்து முட்டையை வெயிலில் காயவிடவும்.
சரியான பரிந்துரை.
கட்லாவுக்குச் சரி,
சேவுகன் குத்தகைக்கு வாங்கிய கடனுக்கும் சரி.

உள்ளங்கை வீங்கி மூன்று நாள்
வலது கையில் பேனா நிற்கவில்லை.
இடது கையெழுத்து அந்தப் பக்கம் முழுக்கக்
கோணல்மாணலாகக் கிடக்கிறது:
வடகரை, பெயர்க்க வேண்டியவை
இன்னும் நாற்பத்தொன்று;