பின்விளக்கு

நாகலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில் டோக்கன் நான்கு.
குணவதி, முப்பத்து மூன்று.
இரண்டு கையும் பார்க்க வேண்டும். மூட்டு அழற்சியா?
கேள்விக்குறியைக் கொஞ்சம் அழுத்தியே போட்டிருந்தார்
எழுதிக் கொடுத்த டாக்டர்.

மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்தாள்.
ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
பத்து விரல். ஒரு குறையும் இல்லை,
பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் போல.

"இதப் பாத்துட்டுத்தானுங்க
வார்டனம்மா சொல்றாங்க,
படத்துல ஒண்ணுமில்ல, உனக்கு உடம்பு வணங்கலன்னு."

ஹாஸ்டல் சமையல்கட்டில்
இருநூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைகிற கை.
காலையில் பாட்டில் மூடி திருக வராதாம்.
ஜாக்கெட் ஊக்கை மகள்தான் மாட்டிவிடுகிறாளாம்.
பத்து மணிக்கு மேல் கை மறுபடி கையாகிவிடும்,
பத்து மணிக்கு மேல்தான் வார்டனம்மா வருவார்.

ஜெல்லைப் பிதுக்கினேன். "சில்லுனு இருக்கும்."
"ஏற்காட்டுக்காரிகிட்டயா?" என்றாள்.

ஆள்காட்டி விரலின் அடிக்கணு.
திரையில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடு,
அறுபடவில்லை, அரிக்கவில்லை,
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கோட்டுக்கு மேலே மட்டும்
கறுப்பாய் ஏதோ உப்பியிருந்தது.

டாப்ளரைப் போட்டேன்.
அழுத்திப் பிடித்தால் அது ஒன்றும் காட்டாது.
தொட்டும் தொடாமலும்
மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு சிவப்புப் புள்ளி. அணைந்தது. மீண்டும்.
பிறகு ஐந்தாறு. நடுவிரலில் இன்னும் அதிகம்.
மணிக்கட்டிலும்.

இந்த இடத்தில் நான் பேசுவதில்லை.
ரிப்போர்ட்டில் பேசுவேன், ஆங்கிலத்தில், மூன்று வரி.

"அந்தச் செவப்பு என்னோடதுங்களா?"
"ஆமாம்மா. அங்கே இவ்வளவு ரத்தம் ஓடக் கூடாது."
"பனிமூட்டத்துல முன்னாடி போற வண்டி
பிரேக் போட்டாப்ல இருக்குதுங்க.
அதப் பாத்துத்தான் எங்க பஸ்ஸு டிரைவரு
வளைவுல நிதானிப்பாரு."

ஆரம்பம்தான், எலும்பைத் தொடவில்லை,
மருந்து இருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும்,
மற்றதை உங்கள் டாக்டர் சொல்வார்...
ஆறுதலை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் கேட்கவில்லை.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
ஏழு மாதமாகப் பொய்க்காரியாக இருந்தவள்
சாட்சி கிடைத்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?
வார்டனம்மாவுக்கு அனுப்போணும்."

படம் எடுக்கக் கூடாது என்ற அட்டை
என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.
ஒட்டியவளும் நான்தான்.

திரையை நிறுத்தி வைத்தேன்.
ஜெல் வழியும் விரலுக்கு போன் வழுக்கியது,
வாங்கி நானே அமுக்கினேன்.
ஓரத்தில் என் மூக்குக்கண்ணாடியும் விழுந்துவிட்டது.
"இருக்கட்டுமுங்க, நீங்களும் பாத்தீங்கல்ல."

டிஷ்யூ கொடுத்தேன். ஒவ்வொரு விரலாக
மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

டோக்கன் ஐந்து. பித்தப்பை.
வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா
என்று கேட்கச் சொன்னேன்.