இரண்டு பெட்டி

சமையலறை மேசையில் இரண்டு பெட்டி.
ஒன்றில் கறுப்பு ரப்பர் புஷ், கம்பெனிக்காரன் போட்டதே.
மற்றதில் மஞ்சள் பொலியூரித்தேன்,
நகம் வைத்தால் நகம்தான் மடங்கும்.

இருபத்துமூன்று வயது சுபாரு.
டண்டெனோங்கில், ஸ்டட் ரோட் பள்ளம் வந்தாலே
கீழே யாரோ சுத்தியலால்
ஒரே கேள்வியைக் கேட்பார்.

கழற்றிய பழையது கையில்:
வெடித்த உதடு, நடுவில் துருக்குழல்.
உதறலையெல்லாம் தானே வாங்கி
மிச்சத்தை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறது.

மஞ்சளைப் போடு என்கிறான் கஜரூபன்.
ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும்,
பிளாக் ஸ்பர் வளைவில்
தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகும்.
கத்தும்தான். கிரீஸ் வைக்காத மாதமெல்லாம் கத்தும்.

பிளாக் ஸ்பருக்கு நான் போனது
போன வருடம், ஒரே ஒரு தரம்.
மற்ற நாளெல்லாம்
பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
காலை ஐந்தேகாலுக்கு,
பக்கத்தில் வாய் திறந்தபடி தூங்கும் மைதிலாவோடு.

அவள் தேநீரை வைத்துவிட்டு
இரண்டையும் பெருவிரலால் அமுக்கினாள்.
கறுப்பு கொஞ்சம் உள்ளே போனது.
"இதுக்குள்ளதான் நான் நித்திரை கொள்ளுறன்."

முன்னுக்கு மஞ்சள், பின்னுக்குக் கறுப்பு
என்று சமாதானமாகி
ஜாக்கைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது:
அவள் இருப்பது முன்னுக்கு.