காலி என்றால் காலி

ராணிப்பேட்டை சிப்காட், கடைசி ஷெட்.
இறக்கை இரண்டும் இன்னும் ஸ்டாண்டில்.
டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று
யாரைக் கேட்பது?
இதிலேயே போய்விட்டது ஆடி மாதம்.

கண்ணாடிக் குழாய் பொய் சொல்லாது.
ஒரு ஸ்பேனர் நழுவினால்
மடியெல்லாம் பெட்ரோல்.
பிளாஸ்டிக் குழாயை
எத்தனால் கலந்த பங்க் பெட்ரோலில் ஊறப்போட்டேன்.
நாற்பதாம் நாள்
பீடிக்காரன் பல் மாதிரி மஞ்சள்,
வளைத்ததும் சடக்.
தக்கை மிதவை குடித்துக் குடித்து
அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
முள் மீட்டர் அழகுதான்.
எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தேன்:
காலி டேங்கை
'ஃபுல்' என்றது.

எஸ்தர் நைட் டியூட்டி முடிந்து வந்தாள்.
"மெஷின் கத்தட்டும்னு நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.
பாட்டிலைப் பார்ப்பேன்.
வாட்சைப் பார்ப்பேன்."
செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

பித்தளை மிதவை. அதன் தலையில் ஒரு கம்பி,
மூடியைத் துளைத்து
என் கண்ணுக்கு நேரே.
வாலைத் தூக்கி, பறக்கும் சாய்வில் நிறுத்தி,
லிட்டர் லிட்டராய் ஊற்றி
அரத்தால் கோடு போட்டேன்.
முதல் இரண்டு லிட்டருக்குக்
கம்பி அசையவே இல்லை.
அந்த இரண்டையும்
இல்லை என்றே எழுதிக்கொண்டேன்.

பாலாற்று அணைக்கட்டுச் சுவரில்
பெயிண்டில் எழுதிய அடிக்கணக்கு,
மணலில் கால் புதைய,
எத்தனை கோடையாய் பூஜ்யம் சொல்கிறது!
ஒருத்தரும் அதை
ரிப்பேர் என்று சொன்னதில்லை.

வாலாஜா போகும்போது
வாட்சுக்குப்
புது பேட்டரி போடவேண்டும்.