மீதி ஆறு

எட்டு எடுத்தால் எண்பது ரூபாய் என்றார் ஸ்டுடியோக்காரர்.
விண்ணப்பத்துக்கு இரண்டு போதும்.
ஐடி கார்டு, பஸ் பாஸ், லைப்ரரி,
எல்லாத்துக்கும் ஆகும், எட்டாவே போடுங்க
என்றார் அப்பா.
அவ்வளவு நம்பிக்கையாக இருந்தோம்.

புதன்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்குப் பட்டியல் வந்தது.
கரண்ட் இல்லை.
தண்ணி லாரிக்காக வெளியே குடங்கள் வரிசையில் நின்றன,
எங்களுடையது ஒன்பதாவது, நீலம், கழுத்தில் கயிறு.
போனில் மேலிருந்து கீழே வந்தேன்.
கீழிருந்து மேலே போனேன்.
இனிஷியலைத் தப்பாகப் போட்டிருப்பார்களோ என்று
வேறு இனிஷியல்களில் என்னைத் தேடினேன்.
ஒரு மோனிஷா இருந்தாள்.
ஆவடிக்காரி. வேறு பிறந்தநாள்.

காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை என்பதைத்தான்
அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
"கடைசிலயாவது போட்டிருக்கலாமே"
என்றபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்,
கடைசி என்பது பஸ்ஸில் ஒரு சீட் மாதிரி.

அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று.
கேட்டது புள்ளியியல்.
என்னைவிடப் பதினாறு மார்க் குறைந்த லாவண்யஸ்ரீக்குக் கிடைத்தது.
அவள்தான் முதலில் போன் செய்து அழுதாள்.
நான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ராத்திரி முழுக்கக் காரணம் தேடினேன்.
ஏன் புள்ளியியல் என்று நேர்காணலில் கேட்டார்கள்.
"எங்க தெருவுல எத்தனை பேருக்கு மூச்சிரைப்புன்னு
இதுவரைக்கும் யாரும் எண்ணல சார்"
என்றேன்.
மூவரில் ஒருவர் பேனாவை மூடினார்.
அந்த மூடியின் சத்தம் இப்போது கேட்கிறது,
அன்று கேட்கவில்லை.
சார் என்றது தப்போ? நடுவில் இருந்தவர் மேடம்.
கொருக்குப்பேட்டை என்று எழுதிய இடத்தில்
மை கொஞ்சம் ஊறியிருந்தது, அதுவோ?
காரணமே இல்லையோ
என்பதை மட்டும் யோசிக்க முடியவில்லை.
எழுந்து தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் நேரிலேயே போய்விட்டேன்.
கடற்கரையில் வண்டி மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கி,
கத்திரி வெயிலில் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு.
"லிஸ்ட்ல பேரு இல்லன்னா உள்ள விட முடியாதும்மா" என்றார் வாட்ச்மேன்.
"ஏன் இல்லன்னு கேக்கத்தான் வந்தேன்."
அவர் சிரிக்கவில்லை.
நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.
"நேத்துலேர்ந்து நீ நாலாவது ஆளு. உக்காரு."

பிறகு ஒரு ஜன்னல்.
அதற்குள் ஒரு பெண் என் எண்ணை அடித்தார்,
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் திரையைப் பார்த்தார்.
"இதுல ரெண்டே காலம்தான்மா.
செலக்டட். நாட் செலக்டட்.
ஏன்னு ஒரு காலம் கிடையாது."
அவர் கண்ணாடியில் என் பெயர் தலைகீழாக மின்னியது.
நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.
எதற்கு நன்றி என்று
எழும்பூர் தாண்டும்வரை யோசித்தேன்.

துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா
எதுவும் கேட்கவில்லை.
வியாழக்கிழமையும் அதுவுமாக
வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார், இரண்டே துண்டு.
இரண்டையும் என் தட்டில் வைத்துவிட்டு
எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல என்றார்.

மீதி ஆறு போட்டோவையும் பாயில் பரப்பினேன்.
சிரிக்காதம்மா என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதால்
ஆறு பேரும் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.
ஆறு பேருக்கும் இன்னும் விஷயம் தெரியாது.
யாரிடம் முதலில் சொல்வது என்று
ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன்.

மாலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியலுக்கு நாளை கடைசித் தேதி.
அங்கே புள்ளியியல் துணைப்பாடம், இரண்டு செமஸ்டர்.
ஒருத்தியை எடுத்து முதுகில் பசை தடவி
கட்டத்துக்குள் வைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
கோணலாக ஒட்டிக்கொண்டது.
பிய்த்து ஒட்டினால் முகம் கிழியும்.
அப்படியே விட்டுவிட்டேன்.