அடுக்கு ஏழு

இந்தக் குழியில்
ஒரு சாண் மண் என்றால் இருபதாயிரம் வருடம்.
பல் துலக்கும் பிரஷ்ஷும் கரண்டியுமாக
ஒன்பது வருடம் குந்தியிருந்து
இடுப்பளவு இறங்கியிருக்கிறேன்:
ஒரு லட்சம்.

கிடைப்பதெல்லாம் ஒன்றே.
மாங்கொட்டை வடிவத்தில் ஒரு கல்.
கீழே மாங்கொட்டை, மேலே மாங்கொட்டை.
நடுவில் எரிமலை இரண்டு முறை கக்கியிருக்கிறது,
ஏரி வந்து போயிருக்கிறது,
யானைக் குலமொன்று அற்றுப்போயிருக்கிறது.
கல்லுடைத்தவன் மட்டும்
அப்பன் உடைத்தபடியே உடைத்திருக்கிறான்.
நாலாயிரம் அப்பன்கள்.

இரும்பு, ரயில், சுதந்திரம்,
போனில் பணம் அனுப்புவது
எல்லாம் மேலே ஒரு விரற்கடை மண்ணில்.
மாலையில் செருப்பைத் தட்டினால்
உதிர்ந்துவிடும்.

தம்பி முசெம்பிக்கும் தோண்டுகிற வேலைதான்.
அவனுடையது குழியில்லை, மலை.
டண்டோராவில்
நைரோபி தின்று துப்பிய மலை.
அங்கே ஒரு சாண் என்பது
போன மழைக்கும் இந்த மழைக்கும் நடுவே.
சார்ஜரின் வாயைப் பார்த்தே வருடம் சொல்வான்:
ஊசி வாய், தட்டை வாய், முட்டை வாய்.
மடக்கு போன் வந்துவிட்டால்
அதற்குக் கீழே முதுகு பெருத்த டிவி,
டிவி என்றால் செம்பு.

"முத்தேயு அக்கா, உன் ஆட்கள்
ஒரே மாடலை எத்தனை நாள் ஓட்டினார்கள்?"
"இங்கே மட்டும் ஏழு லட்சம் வருடம்."
சிரித்துச் சிரித்து இருமினான்.
"கம்பெனி எப்படித் திவாலாகவில்லை?"

கிடங்கில் ஒரு தகரப்பெட்டி இருந்தது.
எனக்கு முன் இதே குழியில் இருந்த ஒகுட்டுவின்
பதினோரு பிளாப்பி தட்டுகள்.
தொண்ணூற்றொன்று.
மேலே பென்சிலில் அடுக்கு ஏழு என்று
நேற்று எழுதியதுபோல.
உள்ளே என்னவோ, யாருக்குத் தெரியும்?
இதை விழுங்க வாயுள்ள கணினி
அருங்காட்சியகத்திலேயே இல்லை.

அன்று காலைதான்
ஏழாம் அடுக்குக் கல்லொன்று
கட்டைவிரலை அறுத்திருந்தது.
நல்ல ஆழம். இரண்டு தையல்.

முசெம்பி எங்கிருந்தோ ஒரு டிரைவைத் தோண்டிவந்தான்.
"முந்நூறு ஷில்லிங். நீ என்பதால் இருநூற்றைம்பது."
லுதுலி தெருவில் அப்திகாதிர்
மூன்று காலத்து ஒயர்களை ஒன்றோடொன்று முடிச்சிட்டான்.
பத்துத் தட்டுகள் அலறிச் செத்தன.
பதினோராவது, முனகிக்கொண்டே,
பேசியது.

*கிழக்குச் சுவர். கோடரி பதினான்கு.
முந்தைய அடுக்கைப் போலவே.
வடக்குச் சுவர். கோடரி ஒன்பது.
முந்தைய அடுக்கைப் போலவே.*
பிறகு வெறும் கட்டங்கள், கேள்விக்குறிகள்,
இடையிடையே முழுசாகத் தப்பித்த ஒரு சொல்:
*மாற்றமில்லை.
மாற்றமில்லை.*

கடைசியில் சம்பந்தமில்லாமல் ஒரு வரி:
*புது இயந்திரம் அடுத்த மாதம் வருகிறதாம்.
இந்தத் தட்டுகள் பிறகு தேவைப்படாதாம்.*

"இதற்கா இருநூற்றைம்பது!" என்றான் முசெம்பி.
அப்திகாதிர் எல்லாவற்றையும்
நகத்தளவு சில்லு ஒன்றில் ஏற்றித் தந்தான்.
எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன்.
"பத்து வருடம். அதற்குள்
நீயே வேறு ஏதாவது வாங்கியிருப்பாய்."

பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்,
சில்லின் மேல் எழுத இடமில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

வாசலில் முசெம்பி அந்த டிரைவைக்
கால்களுக்கு நடுவே இடுக்கி உட்கார்ந்துவிட்டான்.
"இனி வேண்டாமே அக்கா?"
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
சாக்கடையோரம் கிடந்த கல்லை எடுத்தான்,
உள்ளங்கையில் ஒருமுறை புரட்டிப் பிடி பார்த்தான்,
விளிம்பைக் குறிவைத்து, சற்றே சாய்த்து,
ஒரே அடி.

அந்தச் சாய்வு
எனக்கு நன்றாகத் தெரியும்.
செம்புச் சுருள் வெளியே வந்தது.