முப்பத்தோரு அங்குலம்

கால்மாட்டுத் தகட்டிலிருந்து ரேடியேட்டர் வரை
முப்பத்தோரு அங்குலம்.
நான்கு முறை அளந்தோம்.
ஐந்தாம் முறை வெர்ன் மூச்சை இழுத்துப் பிடித்து அளந்தான்,
தன் வயிற்றை எக்கினால்
வண்டியும் எக்கிக்கொடுக்கும் என்பதுபோல.

மிச்சிகனின் வடகோடி, இஷ்பெமிங். பிப்ரவரி.
கேரேஜுக்குள் பேசினாலும் வாயில் ஆவி.
எழுபத்தைந்தாம் வருடத்துத் தபால் ஜீப்,
ஏலத்தில் நானூறு டாலர்.
வலப்பக்கம் ஸ்டீரிங். சறுக்கித் திறக்கும் கதவு.
இடப்பக்கம் இருக்கையே கிடையாது, ஒரு தட்டு:
கடிதக் கட்டுகள் உரசி உரசிப்
பெயின்ட் போய் வெள்ளியாய் மின்னுகிறது.
பானட்டைத் தூக்கினால்
ஓர் எலிக்கூடு, இரண்டு பைன் காய்கள்,
காற்று.

அந்தக் காற்றில்தான் குளிர்காலம் முழுக்க
இஞ்சின்களை இறக்கினோம்.

வியாழன்தோறும் வெர்ன் ஹக்கலா
புது இஞ்சினோடு வருவான், வாயில்.
முதலில், விபத்தில் நசுங்கிய போலீஸ் காரின் வி-எட்டு.
"அச்சு முறியும்" என்றேன்.
"முறியட்டும். முதல் மைலைப் பார்த்துவிடலாமே."
அப்புறம் ரோட்டரி,
பூசணிக்காய் அளவு, குடிப்பது மட்டும் பீப்பாய் கணக்கு.
பிறகு ஏதோ மீன்படகின் ஒற்றைச் சிலிண்டர் டீசல்:
டொக்.
டொக்.
ஒரு டொக்குக்கு ஓர் அஞ்சல்பெட்டி தாண்டலாமாம்.
மேஜையில் முட்டியால் தட்டிக் காட்டினான்,
என் காபி சிந்தியது.
ஃபோர்க்லிஃப்ட் மோட்டார்.
பனிவண்டி இஞ்சின் இரண்டு, ஒரே நுகத்தில்.

அட்டையை வெட்டி, ஒட்டி,
குழிக்குள் வைத்துப் பார்ப்போம்.
அட்டையில் எல்லாமே பொருந்தின.
அட்டைக்குப் புகைக்குழாய் வேண்டாமே.

துணிக்கூடையோடு ஒருநாள் உள்ளே வந்த மார்லிஸ்
வெறும் குழியை எட்டிப் பார்த்தாள்.
"இன்றைக்கு எது ஓடுகிறது?"
"டீசல்" என்றோம் ஒரே குரலில்.
"சத்தம் தாங்கவில்லை" என்று
கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டு நாயை மட்டும் ஏமாற்ற முடியவில்லை.
வெள்ளைக்கு மேல் பச்சை அடித்தாயிற்று.
நான்கு டயரிலும் காற்றில்லை.
அது பிறக்குமுன்பே ஓய்வுபெற்ற வண்டி.
இருந்தும் தினம் பத்தேகாலுக்கு வந்து
பின்சக்கரத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டு,
கடமை முடிந்து போகிறது.

ஏப்ரலில், நிகானி சாலையில் யாரோ
கொட்டகையைக் காலி செய்தார்கள்.
தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது
இதே ரக ஜீப்பின் சொந்த இஞ்சின்,
ஆறு சிலிண்டர், ஒரே வரிசை, நூற்றிருபது டாலர்.
எந்த வியாழனிலும் எங்களுக்குத் தோன்றாத ஒன்று.
இறக்கினோம்.
போல்ட்டுகள் தம் துளைகளைத் தாமே கண்டுகொண்டன.
வெர்ன் அளவு டேப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.
சாவியின் மூன்றாம் திருப்பலில் இருமியது,
ஓடியது, சுமாராக.
நாங்கள் கைகுலுக்கிக்கொள்ளவில்லை.
இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்கள்போல்
கையைத் துடைத்தபடி நின்றோம்.

தெருமுனை போய்த் திரும்பி
என் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.
கதவைச் சறுக்கி, எழாமலே கை நீட்டி
அஞ்சல்பெட்டியைத் திறந்தேன்.
கொடி உயர்த்தாத பெட்டியிலிருந்து
இந்த வண்டியின் கை ஒன்றை எடுப்பது
இதுவே முதல் முறையாக இருக்கும்.
மின்கட்டணம்.

கடிதத் தட்டின் மேல் சம்மணமிட்டு
கூரைக்கம்பியைப் பிடித்திருந்த வெர்ன்
அதை வாங்கி, பிரித்து, தொகையைப் படித்தான்.
"அந்த ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரை..."
என்று ஆரம்பித்தான்.

அன்று வியாழன்கூட இல்லை.