இருபத்தெட்டாம் நாள்

பதினாறோடு காரியம் முடிந்ததென்று
பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.
நமக்கு அப்படி இல்லை, சார்.
காங்கிரீட்டுக்குக் கணக்கு இருபத்தெட்டு.

இன்றைக்கு அந்த நாள்.
ஊறவைத்த தொட்டியிலிருந்து தூக்கி
நசுக்கிப் பார்க்க என்னிடம் கட்டி எதுவும் இல்லை.
பசுமலையில் பஸ் ஏறினேன்.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் சொன்னார்,
ஈடுசெய்ய முடியாத இழப்பென்று.
கடைசி வரிசையில் நீங்கள் இருந்திருந்தால்
கையைத் தூக்கிக் கேட்டிருப்பீர்கள்:
"எவ்வளவு? எந்த அலகில்?"

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கரட்டடியில் பிறந்து
ஒச்சப்பன் என்ற பேரோடு ரூர்க்கி வரை போய்
அங்கே யார் வாயிலும் நுழையாத அந்தப் பேரை
ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல்
திரும்பக் கொண்டுவந்தவர்.

நான் லூர்து, லேப் மெக்கானிக்.
இருபத்தாறு வருஷம் ஒரே மெஷினுக்கு
அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான்.
முள் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வீர்கள்.
கட்டி விரிசல் விடுவதற்கு ஒரு மூச்சு முன்னால்
"போச்சு" என்பீர்கள். போகும்.
ஒருநாளும் தப்பியதில்லை.
இல்லை, இரண்டு தடவை தப்பியது.
சரியாகச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள்.

என் பதவி உயர்வுக் கோப்பில்
எல்லாரும் எல்லாருக்கும் எழுதுகிற
'மிகச் சிறப்பு' இருக்க வேண்டிய இடத்தில்
'திருப்தி' என்று எழுதினீர்கள்.
இரண்டு வருஷச் சம்பள உயர்வு போனது.
ஒரு மாதம் நீங்கள் வாங்கித் தந்த டீயை நான் தொடவில்லை.
"திருப்திங்கிறது சின்ன வார்த்தையா லூர்து?"
அன்றைக்கு எனக்கு அது சின்ன வார்த்தைதான்.
புஷ்பமேரிக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் பாக்கி.

அதே பேனாதான்
வைகைக்கு வடகரையில் எழும்பிய தண்ணீர்த் தொட்டிக்கும் எழுதியது.
இருபது வர வேண்டிய கட்டி பதினொன்றில் நொறுங்கியது.
கான்ட்ராக்டர் அல்வாப் பெட்டியோடு வந்தார்.
வாங்கி வைத்த எனக்கு எடையிலேயே தெரிந்தது,
உள்ளே அல்வா மட்டும் இல்லையென்று.
பதினொன்று என்றே எழுதினீர்கள்.
வேறெங்கோ போய் இருபத்திரண்டு வாங்கிக்கொண்டார்கள்.
தொட்டி நின்றது.
பத்தொன்பது வருஷமாக நிற்கிறது.

நிற்கிறதே சார் என்று
நான்தான் ஒருதரம் கிண்டிப் பார்த்தேன்.
கோபம் வரவில்லை உங்களுக்கு.
"நிக்கிறது பதில் இல்ல லூர்து. இன்னும் கேள்விதான்."

விலங்கியல் துறையில் கெஞ்சி வாங்கிய
மைக்ராஸ்கோப் கண்ணாடிகளை
விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி
சாக்பீஸில் தேதி போட்டீர்கள்.
விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
ஓய்வு பெற்ற பிறகும், முழங்கால் மடங்காத பிறகும்
மாதம் ஒருதரம் அந்தத் தூண்களைச் சுற்றினீர்கள்.
கவர்ன்மென்ட் ஆள் என்று நினைத்து
ஜனங்கள் குழாய்க் குறையெல்லாம் கொட்ட,
அதையும் எழுதிக்கொண்டு போய்
மாநகராட்சிக்கு மனுப் போட்டீர்கள்.
தனபாக்கியம்மா சொன்னார்,
ஒப்புகைச் சீட்டு மட்டும் ஒரு சாக்கு இருக்கிறதாம்.

இன்று நான் போய் நின்றேன்.
இடுப்பில் காலிக் குடத்தோடு ஒரு பெண்,
"அந்தத் தொப்பிக்கார சார் வரலையா?
எங்க குழாய்ல இன்னும் காத்துதான் வருது" என்றாள்.
தத்தனேரிக்குப் போய்விட்டார் என்று சொல்ல
வாய் வரவில்லை.
நோட்டை எடுத்து
அவள் கதவு எண்ணை எழுதிக்கொண்டேன்.

ஆறு கண்ணாடியில் ஐந்து அப்படியே இருக்கிறது.
ஆறாவதைக் காணோம்.
பசைத் தடம் இருக்கிறது, உங்கள் தேதி இருக்கிறது.
கீழே தேடினேன்.
பாட்டில் மூடி, ஆட்டுப் புழுக்கை, மண்.
விரிசல் உடைத்ததா, பிள்ளைகள் பிய்த்ததா,
தெரியவில்லை.

தூணில் காதை வைத்தேன்.
மேலே தண்ணீர் ஏறும் சத்தம்.
உங்களைப் போலக் கண்ணை மூடினேன்.
ஒன்றும் பிடிபடவில்லை, சார்.

விலங்கியல் துறையில்
இப்போது யாரைப் போய்க் கேட்பது என்று
யோசித்துக்கொண்டே நடந்தேன்.